குதிருக்குள் ஒரு சன்னல்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் காலைக் காபிக்கு முன்பே ஓர் எண் வந்துவிடும். மேட்டூர் நீர்மட்டம். அப்பா அதை முன்பு வானொலியில் கேட்டார், பிறகு நாளிதழில் பார்த்தார், இப்போது கைப்பேசியில் பார்க்கிறார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் அந்த எண்ணை அவரால் விட முடியவில்லை. வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 நெருங்க நெருங்க, அது வீட்டில் இன்னொரு ஆளைப் போல நடமாடத் தொடங்கும். "நூத்தி மூணு" என்பார். அவ்வளவுதான். எதன் நூற்று மூன்று என்று டெல்டாவில் யாரும் கேட்பதில்லை.

போன கோடை விடுமுறையில் அண்ணன் மகள் கூடத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். ஸ்கிராட்ச் என்கிற மென்பொருள். கட்டளைகளை எழுத வேண்டாம். வண்ண வண்ணக் கட்டைகளாகக் கிடக்கும், இழுத்து ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டியதுதான். அணையில் தண்ணீர் இருந்தால் பயிர் பச்சை கட்டும், வற்றினால் காயும். இதுதான் அவள் விளையாட்டு. திரையின் இடது மேல்மூலையில் ஒரு சின்னப் பெட்டி. அதில் 'மேட்டூர் நீர்மட்டம்' என்ற பெயர், பக்கத்திலேயே ஆரஞ்சு நிறப் பட்டைக்குள் ஓர் எண். விளையாட்டு ஓட ஓட அந்த எண் இறங்கிக்கொண்டே இருந்தது.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "ஏம்மா, உள்ள எவ்வளவு இருக்குன்னு வெளியிலயே தெரியுதே!"

பிழைப்புக்காக இருபது வருஷம் நிரல் எழுதியவன் நான். அவர் வியந்த அந்த இடத்தை நான் கவனிக்காமலே கடந்துபோயிருந்தேன். அன்றிலிருந்துதான் அந்தச் சின்னப் பெட்டியை நின்று பார்க்க ஆரம்பித்தேன்.

கணினியில் ஒரு மதிப்பைச் சேமித்து வைப்பது பெரிய காரியமில்லை. எந்த நிரல்மொழியிலும் ஒரு வரியில் முடிந்துவிடும். மாறி என்று ஒன்றுக்குப் பெயர் வைக்கிறோம், அதற்குள் ஓர் எண்ணைப் போடுகிறோம். போட்டபின் என்ன ஆகிறது என்பதில்தான் சிக்கல். எழுத்தால் எழுதும் மொழிகளில் அந்த எண் இருட்டுக்குள் போய்விடும். நிரல் ஓடும்போது அது கூடியதா, குறைந்ததா, காணாமலே போனதா என்று தெரிய வேண்டுமானால், அங்கங்கே 'இதை அச்சிட்டுக் காட்டு' என்று வரி சேர்க்க வேண்டும். அல்லது பிழைதிருத்தி ஒன்றைத் தனியாகத் திறந்து, நிரலை நடுவழியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளின் நெல்குதிர் போலத்தான். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று வெளியே தெரியாது. தட்டிப் பார்க்க வேண்டும், ஏறிப் பார்க்க வேண்டும். கடன்காரன் வாசலில் நிற்க, 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று பிள்ளை சொன்ன கதை பிறந்ததே குதிருக்குச் சன்னல் இல்லாததால்தானே! என் வேலைக்காலத்தில் பல இரவுகள் அந்தப் பிள்ளையின் வாயைக் கிளறிக்கொண்டே கழிந்திருக்கின்றன.

ஸ்கிராட்ச் அந்தக் குதிருக்கு ஒரு சன்னல் வைத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் குழந்தைகளுக்காக உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. இப்போது புழங்கும் மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசி அலகான 'காட்சித் தொடர்பி'லும் இதற்கு இடம் உண்டு. ஜான் மலோனி முதலான அதன் படைப்பாளிகள் 2010-இல் எழுதிய கட்டுரையில், மாறி என்பதைக் கண்ணால் காணவும் கையால் தொடவும் கூடிய பொருளாக்குவது தங்கள் நோக்கங்களில் ஒன்று என்று விளக்கியிருக்கிறார்கள். அந்த நோக்கம் எத்தனை சின்னச் சின்ன இடங்களில் செயலாகியிருக்கிறது என்று பார்ப்பதில்தான் ருசி.

முதலில் பெயர். பெரும்பாலான நிரல்மொழிகளில் மாறியின் பெயரில் இடைவெளி விடக்கூடாது. இங்கே 'மேட்டூர் நீர்மட்டம்' என்று இரண்டு சொல்லாக, தமிழிலேயே வைக்கலாம். பெயர் வைத்ததும் அது நீள்வட்டமான ஆரஞ்சுக் கட்டையாக வந்து நிற்கும். பெயர் நீண்டால் கட்டையும் நீளும். அந்த நீள்வட்டம் எந்தக் குழியில் பொருந்தும், எதில் பொருந்தாது என்பதை அதன் வடிவமே சொல்லிவிடும். ஆமா, இல்லை என்று பதில் சொல்லும் கட்டைகளுக்கு அறுகோண வடிவம். அந்த அறுகோணக் குழிக்குள் நீர்மட்டத்தைத் திணித்தால் ஏற்றுக்கொள்ளாது.

அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் சரிக்குறி போட்டால் மாறி மேடைக்கு வரும்; எடுத்தால் திரைக்குப் பின்னால் போய்விடும். ஸ்கிராட்சில் விளையாட்டு நடக்கும் இடத்துக்கே மேடை என்றுதான் பெயர். ஒரு மதிப்பு சேமிப்பில் இருப்பது வேறு, அது பார்வைக்கு இருப்பது வேறு. இரண்டையும் பிரித்து, இரண்டாவதை ஒரு பிள்ளையின் சுண்டுவிரல் அசைவுக்கு விட்டிருக்கிறார்களே, அந்த ஒரு கட்டத்துக்காகவே இதைச் செய்தவர்களுக்கு ஒரு டபரா காபி வாங்கிக்கொடுக்கலாம்.

மேடைக்கு வந்த பெட்டியை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் முகம் மாறும். முதல் முகத்தில் பெயரும் எண்ணும். இரண்டாவதில் பெயர் மறைந்து எண் மட்டும் பெரிதாக நிற்கும். அப்பா சொல்லும் "நூத்தி மூணு" மாதிரி. மூன்றாவதில் எண்ணுக்குக் கீழே ஒரு நகர்த்துகோல் முளைக்கும். அதைப் பிடித்து இழுத்தால், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மதிப்பை மாற்றலாம். பார்க்கும் சன்னலே கைவிடும் வாசலும் ஆகிவிடுகிறது.

அண்ணன் மகள் நகர்த்துகோலை வைத்துவிட்டுத் தாத்தாவிடம் கொடுத்தாள். "தாத்தா, நீங்களே அணையை நிரப்புங்க." அப்பா கோலை வலது கோடி வரைக்கும் தள்ளினார். எண் 100-இல் நின்றுவிட்டது. இன்னும் தள்ளினார். நகரவில்லை.

"மேட்டூர் நூறு அடின்னு யாரும்மா சொன்னது? நூத்தி இருபதுல்ல!"

அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட நாளிலிருந்து அதன் முழுக் கொள்ளளவின் உயரம் 120 அடி. அதற்குள் அடங்குவது 93.47 டி.எம்.சி. தண்ணீர். ஸ்கிராட்சின் நகர்த்துகோலோ, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 0 முதல் 100 வரைதான் ஓடும். வலச்சொடுக்கு சொடுக்கி, எல்லையை 120 என்று மாற்றிக் காட்டினேன். அப்பா மறுபடி தள்ளினார், அணை நிரம்பியது, பயிர் பச்சை கட்டியது. அவர் முகத்தையும் சொல்ல வேண்டும். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவர், வாழ்நாளெல்லாம் மேட்டூர் எண்ணைக் கேட்க மட்டுமே முடிந்தவர், அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைத் தன் விரலால் ஏற்றினார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த 100 என்கிற வரம்பு கைக்குத்தான், எண்ணுக்கு இல்லை. நிரல் நேராக 120 என்று வைத்தால் பெட்டி 120 என்றே காட்டும். கோல் மட்டும் கோடியில் போய் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவருக்குப் போடும் கட்டுப்பாடு சேமித்த மதிப்பின் உண்மையைத் தொடுவதில்லை.

மதிப்பைப் பார்க்க இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். அந்த நீள்வட்டக் கட்டையை ஒரு சொடுக்கு சொடுக்கினால், அதன்மேல் ஒரு குமிழ் எழும்பி உள்ளே இருப்பதைச் சொல்லும். நெல்லு மண்டியில் குத்தூசியை மூட்டைக்குள் செருகி ஒரு கை தானியத்தை உருவிப் பார்ப்பார்களே, அதுபோல. மூட்டையை அவிழ்க்க வேண்டாம், கொட்ட வேண்டாம். பொறியாளர்கள் புழங்கும் லேப்வியூ என்ற காட்சி நிரல் சூழல் 1986-இல் வந்தது. அதிலும் கம்பி கம்பியாய் ஓடும் தரவின்மேல் இப்படியொரு குத்தூசியைச் செருகி, அந்த இடத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்கலாம்.

மேடைப் பெட்டியும் குமிழும் ஒன்றையே சொல்லும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சொல்வதில்லை என்று அவள் விளையாட்டின் இரண்டாம் கட்டத்தில் தெரிந்தது.

தண்ணீர் வந்தபின் நடவு. ஒவ்வொரு சொடுக்குக்கும் இரண்டு மா நிலம் நடவாகும். ஒரு வேலி முடிந்ததும் காட்சி மாறி அறுப்பு வரும். டெல்டாவில் நிலத்தை இன்னும் மாவிலும் வேலியிலும்தான் பேசுகிறோம். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இரண்டு மா என்றால் வேலியில் பத்தில் ஒன்று. ஆகவே சொடுக்குக்கு 0.1 கூட்டச் சொல்லியிருந்தாள். பத்து தடவை சொடுக்கினாள். பெட்டியில் 1 வந்தது. காட்சி மாறவில்லை.

"சித்தப்பா, பெட்டி ஒண்ணுன்னுதான் காட்டுது. ஒண்ணுக்குச் சமமா இருந்தா அறுப்புக்குப் போன்னு சொல்லியிருக்கேன். போக மாட்டேங்குது."

கட்டையைச் சொடுக்கினேன். குமிழில் 0.9999999999999999 என்று வந்தது.

மேடைப் பெட்டி நாசூக்கு தெரிந்தது. தசமத்துக்குப்பின் ஆறு இடத்தோடு முழுமையாக்கி, வந்தவர் மனம் நோகாமல் 1 என்கிறது. குமிழ் வீட்டு மனுஷர். உள்ளதை உள்ளபடி கொட்டிவிடும். இரண்டும் பொய்யில்லை. சபையில் எப்படிச் சொல்ல வேண்டும், அடுக்களையில் எப்படிச் சொல்ல வேண்டும் என்ற பேதம்தான். இந்த இரட்டைப் பார்வையைக் கண்டபோது, கர்நாடக சங்கீதத்தில் ஒரு பொடி சங்கதியைப் பிடித்த ரசிகனைப் போலத் துடையில் தட்டிக்கொண்டேன்.

அந்தக் குறை எங்கிருந்து வந்தது? கணினி எல்லாவற்றையும் பாதி பாதியாகத்தான் பிரிக்கும். அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் அதற்குள் பிசகில்லாமல் அடங்கும். பத்தில் ஒன்று அடங்காது. தசமத்தில் மூன்றில் ஒன்று 0.333 என்று முடிவில்லாமல் ஓடுகிறதே, அப்படி ஓடும். எங்கோ வெட்டி வைத்தாக வேண்டும். நம் முன்னோர் வாய்ப்பாட்டில் இரண்டு வரிசையும் உண்டு. நாழியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. இந்த முகத்தல் அளவுகள் அத்தனையும் கணினிக்குச் சரளம். இருபதில் ஒன்றான மாவும் பத்தில் ஒன்றான இருமாவும் அதன் வாயில் நுழையாது. நெல்லை அளந்தால் சரியாக வரும் கணக்கு, நிலத்தை அளந்தால் மயிரிழை பிசகுகிறது.

அவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ வேலின்னு வைக்காம மான்னே வெச்சிடறேன். ரெண்டு ரெண்டா இருபது வரைக்கும்" என்றாள். பின்னமே இல்லை. காட்சி மாறியது.

பாராட்டும்போது குறையையும் சொல்ல வேண்டும். நடவில் ஒரு நாற்றைச் செய்து, அதைப் பல நகல்களாகப் பெருக்கியிருந்தாள். ஒரே சமயத்தில் 300 நகல்களுக்குமேல் ஸ்கிராட்ச் அனுமதிக்காது; அது கிடக்கட்டும். மாறியை உருவாக்கும்போதே, 'எல்லாருக்கும் பொது' என்றோ 'இந்த உருவுக்கு மட்டும்' என்றோ தேர்ந்துகொள்ளலாம். ஊர்க்குளம், வீட்டுக்கிணறு மாதிரி. வயது என்ற மாறியை நாற்றுக்கு மட்டும் என்று வைத்தால், ஒவ்வொரு நகலும் தன் வயதைத் தானே வைத்துக்கொள்ளும். ஆனால் மேடைப் பெட்டி மூல நாற்றின் வயதை மட்டுமே காட்டும். முந்நூறு நாற்றில் எது முற்றிற்று, எது பிஞ்சு என்று பார்க்கச் சன்னல் இல்லை. அங்கே மறுபடியும் குதிர்தான்.

மாறிக்கு இயல்பிலேயே இன்னொரு குறை உண்டு. புது மதிப்பு வந்தால் பழையது போயிற்று. அது பலகை, அழித்து அழித்து எழுதுவது. இதைச் சொல்லும்போது இந்த ஊர்க்காரனுக்கு ஒரு வீடு நினைவுக்கு வராமல் இராது. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீடு. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல், கணக்கைப் பலகையில் போட்டு, முழங்கையாலேயே அழித்து, வந்த முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றினார் அவர். பலகை மாறி; நோட்டு, மதிப்புகளை வரிசையாகச் சேர்த்துவைக்கும் பட்டியல். வழியெல்லாம் முழங்கையில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. நோட்டில் முடிவு மட்டும் இருந்ததால், அந்த முடிவுகளுக்கு வழி கண்டு எழுத கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட்டுக்கு 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் தேவைப்பட்டன. பலகைக்கு ஒரு சன்னல் இருந்திருந்தால் என்று ஏங்காத கணித மாணவர் இருக்க மாட்டார்.

ஸ்கிராட்சில் பட்டியலும் மேடைக்கு வரும். நீளமான பெட்டி, வரிசை எண் இடப்பக்கம், மதிப்பு வலப்பக்கம், அடியில் மொத்தம் எத்தனை என்ற நீளம். பெட்டியிலேயே ஒரு வரியைச் சொடுக்கித் திருத்தலாம். கூட்டல் குறியைத் தொட்டுப் புதுவரி சேர்க்கலாம். அப்பாவின் டைரி ஒன்று உண்டு. அதில் வேறெதுவும் இல்லை, நாள்தோறும் மேட்டூர் மட்டம் மட்டும். அதை அவர் வாசிக்க, அவள் ஒரு மாதத்துக்கானதை ஏற்றினாள். பல நிரல்மொழிகளில் பட்டியலின் முதல் இடம் பூஜ்யம். ஸ்கிராட்சில் முதல் இடம் ஒன்றுதான். தேதி 1, வரி 1. டைரியோடு அப்படியே பொருந்திற்று.

அறுப்பு முடிந்து களம் வந்தது. நெல்லை மரக்காலால் அளக்கும் காட்சி. முதல் தடவை ஒழுங்காக அளந்தது. பச்சைக்கொடியை அழுத்தி இரண்டாம் முறை ஓட்டியபோது, எண்ணிக்கை 12-இலிருந்து தொடங்கியது. கொடியை அழுத்தினால் மாறிகள் தாமாகப் பூஜ்யமாவதில்லை. போன ஓட்டத்தில் விட்ட மதிப்போடேயே நிற்கும். "மரக்காலைக் கவுத்துட்டுல்ல அளக்கணும்" என்றார் அப்பா. தொடக்கத்தில் 0 என்று வைக்கும் கட்டையைச் சேர்க்கப் போனாள்.

"சைபர்லேர்ந்து ஆரம்பிக்காதே, ஒண்ணுன்னும் போடாதே. நெல்லு அளக்கறப்போ முதல் மரக்காலை லாபம்னுதான் சொல்லணும். லாபம், ரெண்டு, மூணு."

அவள் தயங்கவில்லை. ஸ்கிராட்ச் மாறியில் எண்ணும் போகும், சொல்லும் போகும். 'மரக்கால்' என்ற மாறியில் 'லாபம்' என்று வைத்து, அடுத்தடுத்து ஒன்று கூட்டச் சொன்னாள். கொடியை அழுத்தினாள். பெட்டியில் அழகாக 'லாபம்' என்று வந்தது. அப்பா முகம் மலர்ந்தது. அடுத்த மரக்கால் விழுந்தது. பெட்டி 1 என்றது.

"நிறுத்து நிறுத்து. லாபத்துக்கு அப்புறம் ஒண்ணு ஏது? ரெண்டுல்ல வரணும்! ஒரு மரக்கால் போச்சே!"

நிரல் நிற்கவில்லை, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரவில்லை. எண்ணில்லாத சொல்லோடு ஒன்றைக் கூட்டச் சொன்னால், ஸ்கிராட்ச் அந்தச் சொல்லைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். லாபம் என்று எழுதியது கணக்கில் சுழியாகி, முதல் மரக்கால் நெல் நஷ்டமாயிற்று. நான் பார்த்த அலுவலகங்களில் இப்படிப்பட்ட பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது தலைகாட்டும். இங்கே ஒரு நொடிகூட ஒளிய முடியவில்லை. கண்டுபிடித்தவர் நிரல் என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேட்டவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நெல்லளவு ஒன்றுதான். மதிப்பு கண்ணெதிரே இருந்ததால் அந்த ஒன்றே போதுமாயிருந்தது.

அவள் ஒரு நிபந்தனைக் கட்டையைச் செருகினாள். மாறியில் லாபம் இருந்தால் அடுத்தது 2, இல்லாவிட்டால் ஒன்று கூட்டு. மறுபடி ஓட்டினாள். அப்பா பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல், உதட்டுக்குள் அதனோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

லாபம். ரெண்டு. மூணு.

பன்னிரண்டு வந்ததும், "கலம்" என்றார்.